பாத்ரூம் புதுப்பிக்கும்போது வயரிங், கீசர் ஸ்விட்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் தமிழ்நாட்டின் சாதாரண வீட்டை மனதில் வைத்து எழுதியவை. 230 வோல்ட் இபி சப்ளை, ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூம், ஒரு ஷவர், ஒரு வாளி, சுவரில் ஒரு கீசர். பழைய டைல்ஸை உடைத்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறவர்களும் புது வீடு கட்டுகிறவர்களும் கேட்பவை அநேகமாக ஒரே கேள்விகள்தான்.

டைல்ஸ் வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் போதாதா?

போதாது. பழைய டைல்ஸைப் பெயர்த்ததும் செங்கல் தெரிகிற அந்த இரண்டு மூன்று நாள்தான் எலக்ட்ரீஷியனுக்கு உரிய நேரம். சுவரை வெட்டி பைப் பதிப்பது, மெட்டல் பாக்ஸ் வைப்பது எல்லாம் அப்போதே முடிய வேண்டும். அதன்மேல்தான் பூச்சு, வாட்டர் ப்ரூஃபிங், டைல்ஸ். வாட்டர் ப்ரூஃபிங் அடித்த சுவரில் பிறகு ஒரு ஓட்டை போட்டாலும் அந்த வழியாக ஈரம் இறங்கிவிடும். அடுத்த அறைச் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும்போதுதான் அது தெரியும்.

பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்க வைத்துப் பேசிவிடுங்கள். கீசருக்கு வரும் தண்ணீர்ப் பைப்புக்கு நேர் கீழே கரண்ட் பாயிண்ட் வந்துவிடக் கூடாது. ஆங்கிள் காக்கில் வாஷர் தேய்ந்து சொட்டத் தொடங்கினால் அந்தச் சொட்டு நேராக சாக்கெட்டில்தான் விழும். பாயிண்ட் பக்கவாட்டில், கீசரின் அடிப்பாகத்தைவிடச் சற்று மேலே இருக்கட்டும்.

வயர் போகும் கண்ட்யூட் பைப்பைத் தரைக்குள் கொண்டுபோகாதீர்கள். பாத்ரூம் தரை பெரும்பாலும் பள்ளமாக விட்டு நிரப்பியது. அங்கே ஈரம் காய்வதே இல்லை. சுவரில், மேலிருந்து கீழே நேராக இறக்குவதே சரி. குறுக்காகச் சாய்த்துக் கொண்டுபோனால், பிறகு டவல் ராடுக்கு ட்ரில் போடுகிறவர் அதன்மேல்தான் போடுவார். பூசுவதற்கு முன் நான்கு சுவரையும், அளவு டேப்பைப் பக்கத்தில் விரித்து வைத்து, போனில் படம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. டைல்ஸும் அதன் அடியில் உள்ள கலவையும் சேர்ந்து சுவரை 15 முதல் 20 மி.மீ. வரை வெளியே தள்ளும். மெட்டல் பாக்ஸைச் செங்கல் மட்டத்துக்கு வைத்துவிட்டால் கடைசியில் அது குழிக்குள் போய்விடும், ஸ்விட்ச் பிளேட் ஸ்க்ரூ எட்டாது. டைல்ஸ் மேல்மட்டம் எங்கே வரும் என்று கொத்தனாரிடம் கேட்டு, அந்த மட்டத்துக்குப் பாக்ஸை வைக்கச் சொல்லுங்கள்.

என்னென்ன பாயிண்ட் கேட்க வேண்டும்?

கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன், ஒரு சீலிங் லைட், கண்ணாடிக்கு மேல் ஒரு லைட். இவை எல்லோருக்கும் தேவை. விளக்கு பதித்த கண்ணாடி வாங்குவதாக இருந்தால் அதன் பின்னால் ஒரு வயர் வெளியே நிற்க வேண்டும். சூடான தண்ணீர் பீய்ச்சும் எலக்ட்ரானிக் டாய்லெட் சீட் இப்போது வேண்டாம் என்றாலும், பின்னால் வாங்கும் எண்ணம் இருந்தால் வெறும் பைப்பை மட்டும் அந்தப் பக்கம் போட்டு, மூடி வைத்துவிடலாம். வயர் இழுக்காத காலிப் பைப் சில நூறு ரூபாய் விஷயம்.

கீசருக்குத் தனி லைன் இழுக்கத்தான் வேண்டுமா? எந்த வயர்?

கட்டாயம் தனி லைன். எம்சிபி பாக்ஸில் அதற்கென ஒரு எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் ஸ்விட்ச்), அங்கிருந்து கீசர் வரை நடுவில் ஜாயின்ட் இல்லாமல் கரண்ட் வரும் பேஸ், அது திரும்பும் நியூட்ரல், பாதுகாப்புக்கான எர்த் என மூன்று வயர்.

கணக்கு சுலபம், வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2 கிலோவாட் ஸ்டோரேஜ் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் 13 ஆம்பியர். 4.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் என்றால் கிட்டத்தட்ட 20 ஆம்பியர். முதலாவதற்கு 2.5 சதுர மி.மீ. காப்பர் வயரும் 16 ஆம்பியர் எம்சிபியும் போதும். ஆனாலும் சுவரை உடைத்துத்தான் வைத்திருக்கிறோம், 4 சதுர மி.மீ. இழுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இன்று ஸ்டோரேஜ் வைப்பவர் ஐந்து வருடம் கழித்து இன்ஸ்டன்ட் வாங்குவார், அப்போது சுவரை யாரும் உடைக்கப்போவதில்லை. 4.5 கிலோவாட்டுக்கு 4 சதுர மி.மீ. வயர், 25 ஆம்பியர் எம்சிபி. இதை 16 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகவே கூடாது. டபுள் போல் ஸ்விட்ச்சிலிருந்து (அது என்ன என்பது அடுத்த கேள்வியில்) நேராகக் கனெக்டரில் முறுக்கிவிட வேண்டும்.

3 கிலோவாட்டை 16 ஆம்பியர் ப்ளக்கில் போடலாம் என்று கணக்கு சொல்லும். நடைமுறையில் அந்த ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். பேஸ் பின் இருக்கும் பக்கம் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகி, பிறகு காபி நிறமாகியிருக்கும். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்து, பின்னைச் சரியாகப் பிடிக்காமல், அந்த இடமே சூடாகிக் கொண்டிருக்கும். எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் கரண்ட் அளவு கூடவே இல்லை. அதனால் 3 கிலோவாட்டுக்கும் ப்ளக் இல்லாத நேர் இணைப்பே நல்லது.

கீசருக்கு டபுள் போல் ஸ்விட்ச் எதற்கு? சாதா 16 ஆம்பியர் ஸ்விட்ச் போட்டால் என்ன ஆகும்?

சாதா ஸ்விட்ச் ஒரே ஒரு வயரைத்தான் வெட்டும். அது பேஸ் வயராக இருக்கும் என்று நாம் நம்புகிறோம். டபுள் போல் பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் வெட்டிவிடும். இது ஏன் முக்கியம் என்பதற்கு மூன்று காரணம் உண்டு, மூன்றும் நம் ஊரில் சர்வசாதாரணம்.

முதலாவது, வயர் மாறிப் போவது. பழைய வீடுகளில் எல்லாமே ஒரே நிற வயரில் இழுத்திருப்பார்கள். எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும். லைட் எரியும், ஃபேன் சுற்றும், யாருக்கும் தெரியாது. கீசர் ஸ்விட்ச்சை ஆஃப் செய்தால் தண்ணீரும் சூடாகாது. ஆனால் உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்டில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும்.

இரண்டாவது, நியூட்ரல் அறுந்துபோவது. காற்று மழையில் போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல் விட்டுப்போனால், வீட்டில் ஆன் செய்திருக்கும் ஃபேன், ஃப்ரிட்ஜ் வழியாகப் பேஸ் மறுபக்கம் வந்து நியூட்ரல் கம்பி முழுக்க ஏறிவிடும். கீசரின் பேஸை மட்டும் ஆஃப் செய்திருந்தால் அந்த நியூட்ரல் வழியாக எலிமெண்டுக்கு வோல்டேஜ் போய்ச் சேரும்.

மூன்றாவதை எலக்ட்ரீஷியன்கள்கூடச் சில சமயம் மறந்துவிடுகிறார்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகம். எலிமெண்டின் மேல் வெள்ளையாகக் கட்டி கட்டியாகப் படிந்து, சூடு வெளியே போக வழியில்லாமல் எலிமெண்டின் உலோக உறை வெடித்துவிடும். உள்ளே தண்ணீர் புகுந்ததும் எர்த்துக்குக் கசிவு, கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் ஆர்சிசிபி விழும். சரி, கீசர் ஸ்விட்ச்சை ஆஃப் செய்துவிட்டு ஆர்சிசிபியைத் தூக்கினால், சிறிது நேரத்தில் மறுபடி விழும். கீசருக்கான ஒற்றை போல் எம்சிபியை ஆஃப் செய்தாலும் அதேதான். பேஸ் வெட்டுப்பட்டாலும் நியூட்ரல் இன்னும் எலிமெண்டோடு தொட்டுக்கொண்டிருப்பதால், மற்ற அறைகளில் ஓடும் கரண்டில் ஒரு பங்கு அந்த வழியாக எர்த்துக்குப் போய்விடுகிறது. வீடு முழுக்க இருட்டு. டபுள் போல் இருந்தால் அந்த ஒரு ஸ்விட்ச்சைத் தட்டிவிட்டு, கீசர் மெக்கானிக் வரும்வரை மற்ற எல்லாவற்றையும் ஓட்டலாம்.

வாங்கும்போது 20 அல்லது 25 ஆம்பியர், 4.5 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர் டபுள் போல், சிவப்பு இண்டிகேட்டர் உள்ளதாகக் கேளுங்கள். அந்தச் சின்ன விளக்கு ஆடம்பரம் இல்லை. கீசரை ஆன் செய்து மறந்துவிட்டு வெளியூர் போகிற வீடுகள் நிறைய.

அந்த ஸ்விட்ச் பாத்ரூமுக்குள் இருக்கலாமா?

வெளியே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில், ஆள் நின்று தட்டும் உயரத்தில். உள்ளே வேண்டாம். ஈரக் கையால் தட்டுவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம் உள்ளே ஒருவருக்கு ஷாக் அடித்தால், வெளியே இருப்பவர் அந்த ஈரத் தரையில் கால் வைக்காமலே சப்ளையை வெட்ட முடிய வேண்டும் என்பது. சிலர் கீசருக்குப் பக்கத்திலேயே, ஏழடி உயரத்தில் ஸ்விட்ச் வைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் யார் ஸ்டூல் தேடுவது?

குளிக்கப் போகும் முன் கீசரை ஆஃப் செய்யுங்கள். 25 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 25 டிகிரி தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 26 நிமிடம் எடுக்கும். அரை மணி முன் போட்டு, சூடானதும் நிறுத்திவிட்டுப் போனால் ஒரு குளியலுக்கு அது தாராளம்.

எம்சிபி பாக்ஸில் ஐசொலேட்டர் இருக்கிறதே, அதுவே பாதுகாப்புத்தானே?

ஐசொலேட்டர் கையால் ஆன், ஆஃப் செய்யும் மெயின் ஸ்விட்ச், அவ்வளவுதான். பார்க்க எம்சிபி போலவே இருக்கும், ஆனால் ஷார்ட் ஆனாலும் கசிவு வந்தாலும் தானாக விழாது. எம்சிபி லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். ஆளுக்கு ஷாக் அடித்தால் விழாது. 16 ஆம்பியர் தாண்டினால்தான் அதற்குக் கோபம் வரும், மனித உடம்புக்கு 0.03 ஆம்பியரே ஆபத்து. அந்த 30 மில்லி ஆம்பியரைக் கவனிப்பது ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லையென்றால் 0.3 விநாடிக்குள் வெட்டிவிட வேண்டும் என்பது அதன் தரம். கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகமாக விழும்.

பாத்ரூமுக்கு 30 மில்லி ஆம்பியர்தான் வேண்டும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியரும் இருக்கும், அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்ற அல்ல. வசதி இருந்தால் கீசர் லைனுக்கு மட்டும் தனியாக ஒரு ஆர்சிபிஓ போடுங்கள். எம்சிபி, ஆர்சிசிபி இரண்டின் வேலையையும் அது ஒன்றே பார்க்கும். இரண்டு போலையும் வெட்டும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கீசரில் கோளாறு என்றால் ஃப்ரிட்ஜ் அணையாது.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

எலக்ட்ரீஷியனை மாற்றுங்கள்.

விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று: வெடித்த கீசர் எலிமெண்ட், ஈரம் இறங்கிய ஜங்ஷன் பாக்ஸ், மொட்டைமாடி மோட்டார் வயர், அல்லது ஆர்சிசிபிக்கு உள்ளே இருக்கும் லைனின் நியூட்ரல் வெளியே உள்ள நியூட்ரலோடு கலந்திருப்பது. கடைசியானது இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மிகச் சகஜம். ஒவ்வொரு லைனாகப் பேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றிச் சேர்த்தால் அரை நாளில் பிடித்துவிடலாம். பொறுமை வேண்டும், அதுதான் பலரிடம் இல்லை.

மெயினை ஆஃப் செய்துவிட்டால் பாத்ரூமில் தைரியமாகக் கை வைக்கலாம் அல்லவா?

இன்வெர்ட்டர் இருந்தால் கூடாது. பாத்ரூம் லைட்டையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் இன்வெர்ட்டர் லைனில் போடுவது நம் வழக்கம், இருட்டில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அது நியாயம்தான். ஆனால் மெயினை அணைத்த அடுத்த நொடி இன்வெர்ட்டர் 'டிக்' என்று பேட்டரிக்கு மாறி அதே 230 வோல்ட்டைக் கொடுக்கத் தொடங்கும். கீசர் ஸ்விட்ச்சும் லைட் ஸ்விட்ச்சும் ஒரே பாக்ஸில் இருந்தால் ஒரு பக்கம் செத்த வயர், அதன் பக்கத்திலேயே உயிருள்ள வயர்.

ஆகவே புதிதாகப் போடும்போது கீசரின் டபுள் போல் ஸ்விட்ச்சைத் தனிப் பாக்ஸில் வைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் லைனுக்கும் எம்சிபி பாக்ஸில் பெயர் எழுதிய தனி எம்சிபி இருக்கட்டும், அந்த லைனும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக்குள் வரட்டும். த்ரீ பேஸ் வீடு என்றால் ஒரே பாக்ஸுக்குள் இரண்டு பேஸ் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட்.

பழைய வீடு. பாத்ரூம் வரை எர்த் வயரே வரவில்லை. என்ன செய்வது?

எம்சிபி பாக்ஸிலிருந்து கீசர் பாயிண்ட் வரை புதிதாகப் பச்சை வயர் இழுக்க வேண்டும், வேறு வழி கிடையாது. பழைய பைப் அடைத்திருந்தால் சுவரின் மேல் வெளிப்படையாகப் பிவிசி கேசிங் அடித்தாவது கொண்டுவாருங்கள். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

செய்யவே கூடாதது: சாக்கெட்டின் பின்பக்கம் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. 'எர்த் கொடுத்தாச்சு சார்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதன் பிறகு ஒருநாள் அந்த நியூட்ரல் விட்டுப்போனால், கீசரின் உடம்பு, அதோடு தொட்டிருக்கும் உலோகப் பைப், ஷவர் எல்லாமே பேஸாகிவிடும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் இதே ரகம்தான். இரும்புப் பைப் போய் சிபிவிசி பிளாஸ்டிக் பைப் வந்த பிறகு அந்தக் குழாய் எங்கேயும் மண்ணைத் தொடுவதே இல்லை.

எர்த் குழி இருக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 காட்டினாலே நல்லது என்று அர்த்தமில்லை. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் துருப்பிடித்த எர்த்திலும் அது அப்படித்தான் காட்டும். எர்த்தின் ரெசிஸ்டன்ஸை அளக்கும் மீட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பாத்ரூமுக்குள் ப்ளக் பாயிண்ட் வைக்கலாமா? ஹேர் டிரையர், ட்ரிம்மர் எல்லாம் இருக்கிறதே.

தொட்டி இல்லாத ஷவருக்கு, சுவரில் தண்ணீர் வெளிவரும் இடத்திலிருந்து சுற்றிலும் 1.2 மீட்டர் தூரம், 2.25 மீட்டர் உயரம் வரைக்கும் சாக்கெட்டோ சாதா ஸ்விட்ச்சோ வரக் கூடாது என்பது சர்வதேச ஐஇசி தரம் 60364-இன் பாத்ரூம் பகுதி சொல்வது. ஐந்துக்கு ஏழு அடி என்பது சுமார் ஒன்றரைக்கு இரண்டு மீட்டர். டேப் பிடித்துப் பாருங்கள், மிஞ்சுவது ஒரு மூலை. அதிலும் நாம் வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறவர்கள், தண்ணீர் எங்கே தெறிக்கும் என்று எந்தத் தரமும் சொல்ல முடியாது. எனவே சிறிய பாத்ரூமில் சாக்கெட் வேண்டாம். ஹேர் டிரையரைப் படுக்கை அறைக் கண்ணாடி முன் வைத்துக்கொள்ளலாம்.

குளிக்கும் இடம் கண்ணாடியால் பிரிக்கப்பட்டு, வாஷ்பேசின் தள்ளி இருக்கும் பெரிய பாத்ரூம் என்றால், பேசின் பக்கம் மூடி போட்ட ஒரு 6 ஆம்பியர் சாக்கெட் வைக்கலாம். ஸ்விட்ச் வெளியே, 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்போடு. 16 ஆம்பியர் சாக்கெட்டை உள்ளே வைத்தீர்களானால், கீசர் கெட்ட அன்று யாராவது அதில் வாட்டர் ஹீட்டர் ராடைச் சொருகி வாளிக்குள் போடுவார்கள். வாளியில் கை வைத்துச் சூடு பார்த்து உயிர் போன செய்தியை நாம் எல்லோருமே படித்திருக்கிறோம். வாஷிங் மெஷினுக்குப் பால்கனியோ சர்வீஸ் ஏரியாவோ இருந்தால் அங்கேயே போகட்டும்.

லைட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனும்?

இவற்றில் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். லைட் ஐபி44 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் தரம்) அல்லது அதற்கு மேல், ஸ்விட்ச் வெளியே, வயர் 1.5 சதுர மி.மீ. ஃபேனுக்கும் லைட்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச் கேளுங்கள். குளித்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஃபேன் ஓடினால்தான் ஈரம் போகும், ஒரே ஸ்விட்ச் என்றால் லைட்டோடு அதையும் அணைத்துவிடுவார்கள். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் மேலே இருக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்குக் கீழே திறக்கிற மாதிரி ஒரு பலகை விடச் சொல்லுங்கள்.

மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அதற்கும் இதெல்லாம் தேவையா?

டேங்குக்குள் மழைக்கால பேக்கப் எலிமெண்ட் இருந்தால் அதுவும் ஒரு கீசர்தான். தனி லைன், டபுள் போல், ஆர்சிசிபி, எர்த் எல்லாமே உண்டு. ஸ்விட்ச் பாத்ரூம் வாசலில் இருந்தாலும், டேங்க் பக்கத்தில் வேலை செய்கிறவர் கீழே ஓடி வராமல் வெட்ட முடிகிற மாதிரி, மாடிப்படி முகட்டுக்குள் மழை படாத இடத்தில் இன்னொரு டபுள் போல் ஐசொலேட்டர் வைப்பது நல்லது. வெயிலில் கிடக்கும் வயர் இரண்டு மூன்று கோடையில் தோல் உரிந்துவிடும், பைப்புக்குள் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று உள்ள வயர்மேனாக இருந்தால் பாதி கவலை குறையும். எப்படியும் இவற்றை உங்கள் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். டபுள் போலை ஆஃப் செய்து, கீசர் முனையில் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் சப்ளை இல்லை என்று மீட்டரில் காட்ட வேண்டும். டெஸ்டர் மட்டும் வைத்துக்கொண்டு காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது எர்த்தையும் நியூட்ரலையும் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆன் செய்தபின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். அந்தப் பட்டனை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பார்க்கலாம். விழாவிட்டால் அன்றே மாற்றிவிட வேண்டும்.

கீசரை ஒரு மணி நேரம் ஓட்டி, எம்சிபி முனையும் ஸ்விட்ச் பிளேட்டும் சூடாகிறதா என்று மேலாகத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே ஸ்க்ரூ முறுக்கம் போதவில்லை. எம்சிபி பாக்ஸ் மூடியில் எது கீசர், எது பாத்ரூம் லைட், எது இன்வெர்ட்டர் என்று தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். சுவரை உடைக்க முடியாது.

எம்சிபி பாக்ஸில் ஆர்சிசிபி ஒன்று மாட்டவும், சாதா கீசர் ஸ்விட்ச்சை டபுள் போலாக மாற்றவும் சுவரை உடைக்கத் தேவையில்லை. இரண்டும் சேர்த்து ஒரு மதிய வேலை. வீட்டுக்காரர் செலவை ஏற்காவிட்டாலும் போட்டுவிடுங்கள். காலி செய்யும்போது ஆர்சிசிபியைக் கழற்றி எடுத்துப் போகலாம், ஆனால் அடுத்து வருகிறவருக்காக அதை விட்டுவிட்டுப் போவதாகச் சொல்லி வீட்டுக்காரரிடம் பாதி விலை கேட்டுப் பார்க்கலாம். பல பேர் தந்துவிடுகிறார்கள்.